மழை வருவதற்குள் ஒரு விதி எழுதுங்கள்

ஆன்லைன் சந்தைகளை நடத்துகிறவர்களுக்கு,



திண்டிவனத்தில் சிறு வியாபாரிகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். கொரோனாவுக்குப் பிறகு அதோடு இன்னொரு வேலையும் ஒட்டிக்கொண்டது: அவர்களுடைய செல்லர் பேனலைப் பார்த்துக்கொள்வது. லிஸ்டிங் போடுவது, லேபிள் எடுத்துக் கொடுப்பது, பணம் ஏன் குறைந்து வந்தது என்று செட்டில்மென்ட் ஷீட்டை உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பது. நைட்டி தைப்பவர்கள், செக்கு எண்ணெய் ஆட்டுபவர்கள், மண் பொம்மை செய்பவர்கள் என்று திண்டிவனம், விழுப்புரம் சுற்றுவட்டாரத்தில் பலருடைய பாஸ்வேர்டு என் நோட்டில் இருக்கிறது. அவர்கள் உங்களிடம் கேட்டுப் பதில் வராத கேள்விகளைத்தான் இங்கே கேட்கிறேன். குறை சொல்லும் இடத்தில் உங்களில் யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. ஒருவர் பெயரை எழுதினால் மற்றவர்கள் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

உங்கள் விளம்பரங்களில் ஒரு நெசவாளர் சிரிக்கிறார், ஒரு குயவர் சிரிக்கிறார். நெருக்கடியில் சிறு வியாபாரிகளுக்குத் துணை நின்றோம் என்கிறீர்கள். நான் மறுக்கவில்லை. 2020 மார்ச் 25 ஊரடங்கு வந்தபோது எங்கள் பக்கம் கடைத்தெரு மொத்தமும் ஷட்டர் போட்டது. ஆன்லைனிலாவது விற்கலாம் என்றால் அதுவும் ஒரு கண்ணாமூச்சி. ஏப்ரல் 20 முதல் எல்லாப் பொருளும் அனுப்பலாம் என்றது மத்திய அரசு. 19ஆம் தேதியே இல்லை, அத்தியாவசியப் பொருள் மட்டும்தான் என்று மாற்றிக்கொண்டது. மே மாதத்தில்தான் கொஞ்சம் கொஞ்சமாக வழி திறந்தது. அந்த மே மாதம்தான் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து திரும்பியவர்களால் விழுப்புரம் மாவட்டத்தில் தொற்று ஏறிக்கொண்டிருந்தது. கல்யாணம் இல்லை, திருவிழா இல்லை, வாரச்சந்தை இல்லை. ஆகஸ்டில் விநாயகர் சதுர்த்தி வந்தபோது பொது இடத்தில் சிலை வைக்கக்கூடாது என்று தமிழக அரசு உத்தரவு போட்டது. விழுப்புரம் பக்கத்தில் அய்யங்கோயில்பட்டு போன்ற ஊர்களில் பிள்ளையார் செய்து பிழைப்பவர்களை அது எப்படித் தாக்கியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆளுயரப் பிள்ளையாரைக் கூரியரில் அனுப்ப முடியாது. உள்ளங்கை அளவுப் பிள்ளையாரையும் கொலு பொம்மையையும் அனுப்பலாம். அந்த வருடம்தான் எனக்குத் தெரிந்த சிலர் முதன்முதலாக உங்கள் பக்கம் வந்தார்கள். ஜூன் மாதம் அமேசான் கைவினைஞர்களுக்கும் நெசவாளர்களுக்கும் பத்து வாரத்துக்குக் கமிஷனைத் தள்ளுபடி செய்தது. ஃபிளிப்கார்ட் 2019லேயே ‘சமர்த்’ என்ற பெயரில் கைவினைஞர்களைச் சேர்க்க ஆரம்பித்திருந்தது. 2021 ஜூலையில் மீஷோ கமிஷனே வேண்டாம் என்றது. இதெல்லாம் நடந்தது, பலன் கிடைத்தது, நன்றி.

ஆனால் பத்து வாரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? ஜூனில் ஆரம்பித்த பத்து வாரம் செப்டம்பரைத் தாண்டாது. அந்த வருடம் நவராத்திரி அக்டோபர் 17. பொம்மை செய்பவருக்கு வருடத்தில் பணம் பார்க்கிற காலமே நவராத்திரிக்கு முந்திய சில வாரங்கள்தான். விற்பனை சூடு பிடிக்கும்போது சலுகை முடிந்து கமிஷன் திரும்பி வந்துவிட்டது. பெங்களூரில் உட்கார்ந்து நாடு முழுவதற்கும் ஒரே தேதி குறித்தால் இப்படித்தான் ஆகும். நெருக்கடி எங்கள் ஊருக்கு எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதை உங்கள் காலண்டர் பார்ப்பதில்லை.

இதை நான் முழுசாகப் புரிந்துகொண்டது ஃபெஞ்சல் புயலில். 2024 நவம்பர் 30 இரவு அது புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தது. கடந்த பிறகு நகர்ந்து போயிருக்க வேண்டும், போகவில்லை. மணிக்கணக்கில் அங்கேயே நின்று கொட்டியது. எங்களுக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அடுத்து டிசம்பர் 2ஆம் தேதி, சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கியது. அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை மேலேயே ஆறு ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயிலும் நின்றது. சென்னையிலிருந்து தெற்கே போகிற பெரும்பாலான வண்டிகள் எங்கள் மாவட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த நாட்களில் தாண்ட முடியாமல் தவித்தன.

திண்டிவனத்துக்கு வெளியே ஒரு கிராமத்தில் நைட்டி தைக்கும் ஒரு அம்மா என் வாடிக்கையாளர். வீட்டின் முன்னறையில் இரண்டு மெஷின். கூட அவருடைய நாத்தனார். புயலுக்கு முந்தின நாள் வரை வந்த ஆர்டரெல்லாம் கவரில் போட்டு, லேபிள் ஒட்டி, பிக்கப் வண்டிக்காகக் கோணியில் கட்டி வைத்திருந்தார். வண்டி வரவில்லை, தண்ணீர்தான் வந்தது. “மெஷின கட்டில் மேல ஏத்திட்டோம்ணா, மூட்டைய ஏத்தறதுக்குள்ள நனஞ்சி போச்சி” என்று பக்கத்து வீட்டுப் போனிலிருந்து சொன்னார். அவர் போனில் சார்ஜ் இல்லை. கரண்ட் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

கரண்ட் வந்த பிறகு நான் பேனலைத் திறந்து பார்த்தால் வரிசையாக எல்லாம் சிவப்பு. தாமதமாக அனுப்பியதற்கு அபராதம். சில ஆர்டர்களை சிஸ்டமே ரத்து செய்திருந்தது, ரத்து செய்ததற்கும் அபராதம். ரேட்டிங் இறங்கியிருந்தது. ரேட்டிங் இறங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்: தேடும்போது முதல் பக்கத்தில் வந்துகொண்டிருந்த சரக்கு எங்கேயோ பின்னால் போய்விடும். பொங்கலுக்குப் பார்த்த வியாபாரம் போன பொங்கலில் பாதிகூட இல்லை. புயல் போன பிறகும் அவருக்குப் புயல் நிற்கவில்லை.

புகார் டிக்கெட் போட்டோம். ஆங்கிலத்தில் பதில் வந்தது. பொருளை அனுப்ப முடியாததற்கு ஆதாரம் கேட்டார்கள். முழங்கால் தண்ணீரில் அந்த அறையை எடுத்த படத்தை அனுப்பினோம். படம் தெளிவாக இல்லையாம், கூரியர் நிறுவனத்திடமிருந்து கடிதம் வேண்டுமாம். கூரியர் ஆள் வராததுதானே புகார்? அவர் எப்படிக் கடிதம் கொடுப்பார்? அதைக் கேட்டு எழுதுவதற்குள், குறித்த நேரத்தில் பதில் தரவில்லை என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள். மறுபடி போட்டால் முதலிலிருந்து ஆரம்பம்.

அதே வாரம் என்னுடைய போனில், பொருள் வாங்குகிறவனாக, உங்கள் ஆப்புக்குள் போனேன். விழுப்புரம் பின்கோடு போட்டதும் மேலே ஒரு பட்டை வந்தது: மழையால் உங்கள் பகுதியில் டெலிவரி தாமதமாகலாம். ஆக, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எந்தப் பின்கோடில் வண்டி போகாது என்று வாங்குகிறவருக்குச் சொல்லும் அளவுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. வண்டி போகாத ஊரிலிருந்து வண்டி எப்படி வரும் என்ற ஒரு கேள்வியை மட்டும் உங்கள் சிஸ்டம் கேட்டுக்கொள்ளவில்லை. வாங்குகிறவர் பக்கம் வெள்ளமாக இருந்தது, விற்கிறவர் பக்கம் வந்ததும் ஒழுங்கீனம் ஆகிவிட்டது.

சலுகை கொடுத்தால் சிலர் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்பீர்கள். வியாபாரிகளோடு தினமும் பழகுகிறவன் நான், இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இது ஆளைப் பார்த்துக் கொடுக்க வேண்டிய சலுகையே இல்லை. பின்கோடைப் பார்த்தால் போதும். நீங்களே டெலிவரியை நிறுத்தி வைத்த பின்கோடுகளில், நிறுத்தி வைத்த நாட்களில், அபராதமும் ரேட்டிங் கணக்கும் தானாக நிற்கட்டும். யாரும் விண்ணப்பிக்க வேண்டாம், படம் எடுத்து அனுப்ப வேண்டாம். ஏமாற்ற நினைப்பவர் ஒரு ஊரையே வெள்ளத்தில் மூழ்கடித்தா ஏமாற்றப்போகிறார்?

அடுத்தது பணம். புயலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்த பார்சல்களுக்கான தொகை அந்த அம்மாவுக்கு வரவேண்டியிருந்தது. டெலிவரி ஆன பிறகும் நாள் கணக்கு வைத்துத்தானே விடுவிக்கிறீர்கள். ரிட்டர்ன் வரக்கூடும் என்பதற்காக அந்த இடைவெளி, சரி. ஆனால் டிசம்பர் 3ஆம் தேதி வெள்ளம் பாதித்த விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டக் குடும்பங்களுக்கு 2000 ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தபோது, அவருடைய சொந்தப் பணம் அதைப்போலப் பல மடங்கு உங்களிடம் கிடந்தது. நிவாரணத்துக்காக அவர் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. குழுக் கடன் தவணை கேட்டு வருகிறவர், செட்டில்மென்ட் தேதி வரைக்கும் பொறுப்பாரா? நீங்கள் புதிதாக ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம். பேரிடர் வந்த பின்கோடுக்கு, ஏற்கெனவே டெலிவரி ஆன பொருளின் பணத்தை மறுநாளே விட்டுவிடுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன். அரசாங்கமே வியாபாரியின் கையில் பணம் புழங்கட்டும் என்று, உங்கள் மூலம் பிடிக்கிற ஜி.எஸ்.டி. டி.சி.எஸ்.ஸை 2024 ஜூலையில் 1 சதவீதத்திலிருந்து அரை சதவீதமாகக் குறைத்தது. வருமான வரி டி.டி.எஸ்.ஸை அந்த அக்டோபரில் 1 சதவீதத்திலிருந்து 0.1 ஆக்கியது. வரித்துறைக்கு இருக்கிற இரக்கம் உங்களுக்கு இல்லாமல் போகலாமா?

பொம்மைக்காரர்களின் கதை வேறு மாதிரி. அவர்களுக்கு எல்லா நாளும் சின்னப் பேரிடர். ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு கொலு பொம்மையை உடையாமல் அனுப்ப வேண்டுமானால் சுற்றிலும் வைக்கோலோ காகிதமோ திணித்து, 30 செ.மீ. நீளம், 25 அகலம், 25 உயரத்தில் ஒரு பெட்டி வேண்டும். பெட்டியின் அளவை வைத்துத்தான் எடை போடுகிறீர்கள்: மூன்றையும் பெருக்கி 5000ஆல் வகுத்தால் மூன்றே முக்கால். மூன்றே முக்கால் கிலோவுக்குக் கூரியர் கட்டணம். இரண்டே கால் கிலோ வைக்கோலுக்கும் காற்றுக்கும். சரி, பெட்டியைச் சிறிதாக்கினால்? பொம்மை உடைந்து ரிட்டர்ன் வருகிறது, அந்தச் செலவும் அவர் தலையில். ரிட்டர்ன் பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தால்தான் இழப்பீடு கேட்க முடியும் என்கிறீர்கள். கை முழுக்க மண்ணோடு உட்கார்ந்திருக்கிறவர் யாரை வைத்து வீடியோ எடுப்பார்? கமிஷன் பூஜ்யம் என்று பெரிதாக விளம்பரம் செய்கிறீர்கள். அமேசான் 2025 ஏப்ரல் முதல் 300 ரூபாய்க்குக் குறைந்த பொருட்களுக்கு அப்படிச் செய்தபோது நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் எங்கள் ஆட்களின் ஷீட்டில் லாபத்தைத் தின்பது பெரும்பாலும் கமிஷன் இல்லை. ஷிப்பிங், ரிட்டர்ன், அபராதம். உங்கள் விளம்பரத்தில் வராத வரிகள் எல்லாம் அவைதான்.

ஒரு விஷயம் உங்கள் கையில் முழுதாக இல்லை. ஆனாலும் டெல்லியில் உங்கள் குரல் எடுபடும், எங்கள் குரல் எடுபடாது, அதனால் சொல்கிறேன். 2023 அக்டோபர் 1 முதல், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு வியாபாரியும் ஒரு பதிவெண் மட்டும் வாங்கிக்கொண்டு உங்கள் மூலம் விற்கலாம். நல்ல மாற்றம், கேட்டுக் கேட்டு வந்த மாற்றம். ஆனால் மாநிலத்துக்குள் மட்டும். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி 40 கிலோமீட்டர். திண்டிவனத்திலிருந்தும் ஏறக்குறைய அவ்வளவே. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவது அங்கே, பெண் கொடுப்பது எடுப்பது அங்கே, காலையில் காய்கறி, பால் போவது அங்கே. அஞ்சல் துறைக்குக்கூட நாங்கள் ஒன்றுதான்: விழுப்புரம் நகரத்தின் பின்கோடும் புதுச்சேரியின் பின்கோடும் 605 என்றுதான் ஆரம்பிக்கின்றன. ஆனால் வரிக் கணக்கில் அது வேறு பிரதேசம். செக்கு எண்ணெய் விற்கும் ஒருவர் கன்னியாகுமரிக்கு பாட்டில் அனுப்பலாம், பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போகிற புதுச்சேரிக்கு அனுப்பக்கூடாது. வேண்டுமென்றால் பதிவு எடுத்துக்கொள், மாதமோ காலாண்டோ ரிட்டர்ன் போடு. அந்த ரிட்டர்ன் போட்டுக் கொடுத்துச் சம்பாதிக்கிறவன் நான். இந்த விதி மாறினால் எனக்குத்தான் நஷ்டம். அப்படியும் மாற வேண்டும் என்கிறேன். எல்லை ஒட்டிய மாவட்டங்களுக்கு விலக்கு கேட்டு நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்கு எழுதினால், அது எங்கள் ஒரு மனுவைவிட சீக்கிரம் படிக்கப்படும்.

இதெல்லாம் தர்மம் கேட்பது போலத் தோன்றினால், உங்கள் தொழிலின் சரித்திரத்தையே பாருங்கள். சீனாவில் தாவோபாவ் பிறந்தது 2003 மே மாதம், சார்ஸ் நோய் பரவி, அலிபாபா ஊழியர்களே வீட்டில் அடைந்து கிடந்த நேரத்தில். அமெரிக்காவில் எட்ஸியின் வருமானம் 2020 என்ற ஒரே வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. வீட்டில் உட்கார்ந்து முகக்கவசம் தைத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. 2022 ஏப்ரலில் அதே எட்ஸி கமிஷனை 5 சதவீதத்திலிருந்து 6.5 ஆக்கியபோது, அந்த வியாபாரிகள் ஆயிரக்கணக்கில் ஒரு வாரம் கடையை மூடிப் போராடினார்கள். ஊருக்குக் கஷ்டம் வந்த நேரத்தில்தான் நீங்கள் பெரிதானீர்கள். எங்களுக்கு நீங்கள் உதவினீர்கள் என்பது எவ்வளவு உண்மையோ, வேறு வழியில்லாமல் உங்களிடம் வந்து சேர்ந்தவர்களால் நீங்கள் வளர்ந்தீர்கள் என்பதும் அவ்வளவு உண்மை. அப்புறம், உங்களில் சிலரிடம் சில பெரிய வியாபாரிகளுக்குத் தனிக் கவனிப்பு இருக்கிறதா என்று 2020 ஜனவரியிலேயே போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்த வழக்கின் உள்ளே நான் போகவில்லை. தனிக் கவனிப்பு சாத்தியம் என்றால், வெள்ளத்தில் நின்ற, நைட்டி தைக்கும் அந்த அம்மாவுக்கும் கொஞ்சம் சாத்தியம்தானே என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது.

ஆறுதல் வார்த்தையும், வெள்ளம் வடிந்த பிறகு ‘நாங்கள் உங்களோடு இருக்கிறோம்’ என்று வருகிற ஈ-மெயிலும் எங்களுக்குத் தேவையில்லை. வியாபாரிகளுக்கான உங்கள் விதிப் புத்தகத்தில் ஒரு பக்கம் வேண்டும். அரசு பேரிடர் பாதித்த பகுதி என்று அறிவித்த அல்லது நீங்களே டெலிவரியை நிறுத்திய பின்கோடுகளில், அன்றிலிருந்து மின்சாரமும் பிக்கப்பும் திரும்பி ஒரு வாரம் ஆகும்வரை, தாமத அபராதம் இல்லை, ரத்து அபராதம் இல்லை, ரேட்டிங் அசையாது, டெலிவரி ஆன பொருளின் பணம் உடனே வரும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். உடையும் பொருளுக்கு எடைக் கணக்கைத் தளர்த்தியும், நனைந்து போன சரக்குக்கு எவ்வளவு இழப்பீடு, யார் தருவார்கள் என்று குறித்தும் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் தமிழில் இருக்க வேண்டும், கீழே தமிழ் பேசுகிற ஒரு மனிதர் எடுக்கிற போன் நம்பர் இருக்க வேண்டும். சாட்பாட் போதாது. கரண்ட் இல்லாத ஊரில், கடன் வாங்கிய போனில், பேசத்தான் முடியும், டைப் அடிக்க முடியாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பித்துவிடும். நவம்பர், டிசம்பரில் புயல் வரும் என்று எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். தீபாவளி சேலுக்கு நீங்கள் பல மாதம் முன்னாலேயே சர்வர், வண்டி, ஆள் எல்லாம் தயார் செய்கிறீர்கள். அதே மாதங்களில் வருகிற மழைக்கும் இந்த ஒரு பக்கத்தைத் தயார் செய்து, செப்டம்பர் கடைசிக்குள் ஒவ்வொரு செல்லர் பேனலிலும் போடுங்கள். போட்டதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். என் நோட்டில் இருக்கிற எல்லா நம்பருக்கும் அதை அப்படியே ஃபார்வர்டு செய்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
திண்டிவனத்திலிருந்து ஒரு கணக்கர்